ஆறு ஆதாரமும் ஓர் அட்டையும்

செவ்வாய்க்கிழமை மதியம் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு டாக்டர் இசக்கியம்மாள் அப்பம் வெட்டப் போவார்.

அப்பம் என்றால் தின்கிற அப்பம் இல்லை. கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கிற, காகிதம் போல மெலிந்த வெள்ளை அப்பம். சேந்தன்புதூர் கன்னியர் மடத்தின் பின்கட்டில் அதைச் சுடுகிற இரும்பு அச்சு இருந்தது. கோதுமை மாவை நீர்க்கக் கரைத்து ஊற்றி மூடி, ஆவி அடங்கியதும் திறந்தால் ஒரு பெரிய வட்டம் வரும். அதை ஈரத்துணியில் பதமாக்கி, சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் நொறுங்கிவிடும்.

சுடுகிறவர் சிஸ்டர் அமலோற்பவம். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. வெட்டுகிற டாக்டருக்கு ஐம்பத்தெட்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் நாலு மாதப் பிள்ளை ஒன்று டாக்டரின் கையிலேயே போய்விட்டது. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகும் வழியில் மடத்துக் கோயில் படியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கதவைப் பூட்ட வந்த சிஸ்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கூட்டிப் போய் வெட்டும் கருவியைக் கையில் கொடுத்தார். அன்று டாக்டர் வெட்டியதில் பாதிக்கு மேல் நொறுங்கியது. அடுத்த செவ்வாயும் வந்தார்.

டாக்டரம்மா வேதத்தில் சேர்ந்துவிட்டார்களா என்று ஊரில் கேலி பேசினார்கள். சேரவில்லை. நெற்றியில் திருநீறு இருந்தபடிதான் இருந்தது. சிஸ்டரைக் குரு என்று அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை. மனம் குழம்பினால் எங்கே போவீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், "அப்பம் வெட்ட" என்பார்.

அந்த வருடம் பங்குனியில் மேலத்தெருவுக்குத் தட்டம்மை வந்தது. ஊர் அதை மணல்வாரி என்றது. வாசல் வாசலாக வேப்பிலை செருகினார்கள். ஏழு பிள்ளைகளுக்கு வந்து ஆறு பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டது. ஏழாவது, பதினோரு மாதப் பையன். தடிப்பு அடங்குகிறது என்று அவனைப் பெற்றவள் நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் கண்ணயர்ந்தாள். விடிந்து பார்த்தால் பிள்ளைக்கு விலா உள்ளே இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. டாக்டரிடம் கொண்டுவந்தபோது பத்து விரல் நகமும் நீலம்.

ஒன்பதாம் மாதம் ஊசி போட்டிருந்தால் இந்தப் பிள்ளை இருந்திருக்கும் என்று டாக்டர் துக்க வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் சொல்லக்கூடாத பேச்சு. ஆனால் சொல்லிவிட்டார்.

அதற்குத் தேரடியில் கூட்டம் போட்டுப் பதில் சொன்னவர் சுயம்புலிங்கம். மண் குளியலும் மூலிகைச் சாறும் சொல்லிக்கொடுக்கிற இயற்கை நல்வாழ்வு மன்றத்தின் தலைவர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார், தலைமாட்டில் உட்கார்ந்து விசிறுவார். பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்கு எதிரே யாரும் நிற்க முடியாது.

"தட்டம்மைக்கு ஏதோ கிருமி காரணமாம். எவன் பாத்தான்? ஒரு ஆதாரம், ஒரே ஒரு கட்டுரை டாக்டரம்மா கொண்டு வரட்டும். மன்றத்தைப் பூட்டிச் சாவிய அவங்க கையில கொடுக்கேன்" என்றார் ஒலிபெருக்கியில்.

டாக்டர் ஆறு கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஒன்றில் படம் பிடித்திருந்தார்கள். ஒன்றில் அது உடம்புக்குள் போனால் என்ன செய்கிறது என்று நாள் நாளாகக் குறித்திருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால்தான் ஆறும் பேசும்.

சுயம்புலிங்கம் ஒரு பக்கமும் புரட்டவில்லை. கட்டுரைகளை விரல் விட்டு எண்ணினார். ஒன்றுதானே கேட்டேன், ஆறு வந்திருக்கிறதே, ஒன்று போதாது என்று டாக்டரம்மாவுக்கே தெரிகிறது போல என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மறு வாரமே வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் போனது. டாக்டர் போடுவது விஷ ஊசி, ஆதாரம் கேட்டால் விழிக்கிறார் என்று. புதன்கிழமைத் தடுப்பூசிக்கு வருகிற பிள்ளைகள் நாற்பதிலிருந்து இருபதானார்கள்.

டாக்டர் வழக்குப் போட்டார். பிரசுரத்தை நிறுத்த வேண்டும், கொடுத்த வாக்குப்படி மன்றத்தைப் பூட்ட வேண்டும்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். இந்த ஆறில் எந்த ஒன்று, தனியாக நின்று, முழுவதையும் நிரூபிக்கிறது? டாக்டர், எந்த ஒன்றும் தனியாக இல்லை, ஆறும் சேர்ந்துதான் என்றார். அப்படியானால் ஒரு ஆதாரம் என்று கேட்டால்? டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு ஆதாரம் இல்ல. ஆறு ஆதாரம் இருக்கு."

மறுநாள் காலையில் புதுப் பிரசுரம் வந்தது. நீதிமன்றத்தில் டாக்டரே ஒப்புதல்: 'ஒரு ஆதாரமும் இல்லை.'

அந்தச் செவ்வாய் டாக்டர் பிரசுரத்தோடு மடத்துக்குப் போனார். சிஸ்டர் மாவுக் கையைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, எட்டி நின்று படித்தார்.

"இது முற்றும்மை. ஒரு 'உம்' சேத்து மொத்தத்தையும் இல்லன்னு ஆக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே" என்றார்.

"படிச்சேன். கோர்ட்டுல வரும்னு தெரியாது."

சிஸ்டர் சிரித்தார். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. அன்று வெட்டியதில் மூன்றுதான் நொறுங்கியது.

அதற்குப் பிறகுதான் அட்டையின் கதை வெளியே வந்தது.

டாக்டரின் மருத்துவமனைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஒட்டிய கதவு. புதன்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அந்த வழியாகச் சிலர் வருவார்கள். மாமியார் வேண்டாம் என்றவர்கள், புருஷன் வேண்டாம் என்றவர்கள். தையல் வகுப்புக்கு, ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு வருவார்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. டாக்டரின் மேஜை இழுப்பறையிலேயே இருக்கும். அந்த வருடம் பதினேழு அட்டைகள் இருந்தன.

அதில் ஒன்று ஆவுடைச்செல்வியின் பிள்ளையுடையது. ஆவுடைச்செல்வி, சுயம்புலிங்கத்தின் மகள்.

புருஷன் கப்பலில் இருந்தான். அவள் பிரசவத்துக்கு வந்தவள், அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிள்ளையும் அந்த வீட்டில்தான் பிறந்தது. மூன்றாம் மாதம் முதல்முறையாகப் பின்கதவைத் தட்டியபோது பிள்ளையை டாக்டரே வாங்கிக்கொண்டார். இரண்டு கேள்விதான் அவள் கேட்டாள். எந்த ஊசிக்குத் தழும்பு விழும் என்பது ஒன்று. அதை மட்டும் வேண்டாம் என்றாள், அப்பா கண்டுபிடித்துவிடுவார். காய்ச்சல் வருமா என்பது இன்னொன்று. ஒரு நாள் வரலாம் என்றார் டாக்டர்.

"பல்லு முளைக்குன்னு சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

மூன்று மாதப் பிள்ளைக்குப் பல்லா என்று நர்ஸ் எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளை முறைத்தார்.

நாலு தடவை வந்துவிட்டாள். கடைசியாக வந்தது ஒன்பதாம் மாதம், தட்டம்மை ஊசிக்கு. அதற்கு முந்தைய வாரம்தான் மேலத்தெருப் பையன் போயிருந்தான். அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, ஊசி ஏறி இறங்கும் வரை கண்ணைத் திறக்காமல் இருந்தாள்.

நர்ஸ் எஸ்தருக்குப் பிரசுரத்தைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். ஒரு நாள் டாக்டரின் வக்கீல் பால்துரையிடம் இந்த அட்டையைப் பற்றி வாய்விட்டுவிட்டாள். அவர் அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"டாக்டரம்மா, இந்த ஒரு அட்டை போதும். அந்த ஆறு கட்டுரையையும் தூக்கி ஓடையில போடுங்க. சொந்த மக நம்பல இவரைன்னு ஒரு வார்த்தை. ஜட்ஜ் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொல்லுதேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று டாக்டர் அவரை அனுப்பிவைத்தார். ஆனால் மனம் முக்கால்வாசி சரி என்றுவிட்டது. கண்ணை மூடினால் அந்த நீல நகங்கள் வந்தன. இருபது பிள்ளைகள் வராமல் நின்றிருக்கிறார்கள். அடுத்த பங்குனி வரத்தானே போகிறது.

செவ்வாய்க்கிழமை மடத்துக்குப் போனதும் வெட்டும் கருவியைக் கையில் எடுக்கவே இல்லை.

"அட்டையைக் காட்டட்டுமா, சிஸ்டர்?"

சிஸ்டர் மாவை ஊற்றி இரும்பு அச்சை மூடினார். ஓரமெல்லாம் ஆவி சீறியது.

"அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டா?"

"வேண்டாம்னு சொல்லுவா."

"பிறகு?"

"அவ ஒருத்தி நாலு நாளைக்கு அப்பாகிட்ட பேச்சு வாங்குவா, சிஸ்டர். இருபது பிள்ளைங்க பிழைச்சுக்கும். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

நாலு நாளோடு போகாது என்று டாக்டருக்கே தெரியும். சிஸ்டர் அச்சைத் திறந்து வட்டத்தை எடுத்து ஈரத்துணியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இன்னைக்கு அப்பம் வேண்டாம். எனக்கு ஒரு வேலை செஞ்சு தாங்க."

மடத்துக் கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால், தூண் மறைவில், ஒரு மன்றாட்டுப் பெட்டி உண்டு. செவ்வாய்க்கிழமை என்றால் சாதி மதம் பார்க்காமல் பெண்கள் வந்து குவிவார்கள். வேண்டுதலைச் சீட்டில் எழுதி, நாலாக மடித்துப் பெட்டிக்குள் போடுவார்கள். அறுபது எழுபது சீட்டு விழும். வெள்ளிக்கிழமை சிஸ்டர் அதைப் பீடத்தில் கொட்டி வைத்து, பூசை முடிந்ததும் பிரிக்காமல் எரித்துவிடுவார்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல்படியில், வெளிச்சத்தில் வைக்கச் சொன்னார் சிஸ்டர். பக்கத்தில் ஒரு நாற்காலி. டாக்டர் கையில் ஒரு நோட்டும் பேனாவும்.

"சீட்டு போடுறவங்க பேரை மட்டும் எழுதிக்கிடுங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்."

டாக்டர் உட்கார்ந்தார். மூன்று மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது.

எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்ததும் நின்றார்கள், நலம் விசாரித்தார்கள். நோட்டு எதுக்கு என்று ஒரு பெண் கேட்டாள். பேர் எழுதச் சொன்னார்கள் என்றார் டாக்டர். அவள் கையிலிருந்த சீட்டு எப்போது ரவிக்கைக்குள் போனது என்று தெரியவில்லை. சும்மா மெழுகுவர்த்தி ஏற்றத்தான் வந்தேன் என்று உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் பெட்டியைத் தேடித் தூண் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் இருப்பதைக் கண்டு, அப்படியே தெருவில் இறங்கிவிட்டாள். கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி மூன்று முறை படி ஏறி மூன்று முறை இறங்கினாள்.

ஐந்தரை மணிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் நாலு பேரோடு வந்தார். எதற்கு நோட்டு என்று அவரும் கேட்டார். பேர் எழுத என்றதும் தன் பேரை இனிஷியலோடு சொல்லி, சரியாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு சீட்டைப் பிரித்து நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"எத்தனை?" என்றார் சிஸ்டர்.

"ஒண்ணு."

"என்னவாம்?"

"ஊர் நலத்துக்காக மழை வேணுமாம்."

சிஸ்டர் தலையை ஆட்டினார். "மத்த சீட்டுல எல்லாம் என்ன எழுதியிருந்தது?"

"எந்த சீட்டு?"

"போடாம கொண்டு போனாங்களே."

டாக்டர் நின்றபடி யோசித்தார். "தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார் சிஸ்டர்.

இரும்பு அச்சு ஆறிப் போயிருந்தது. அதில் ஒட்டியிருந்த மாவுப் பொருக்கைச் சிஸ்டர் ஒரு மரத்துண்டால் சுரண்ட ஆரம்பித்தார்.

"அட்டை இல்லாமப் போனா நான் தோத்துருவேன், சிஸ்டர்."

"தோப்பீங்க."

டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தூண் மறைவில், இருந்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாய்தாவுக்கு டாக்டர் போனபோது அட்டை அவர் கைப்பையில்தான் இருந்தது. இழுப்பறையில் வைத்தால் எஸ்தர் எடுத்துக் கொடுத்துவிடுவாளோ என்று பயம். தன் மேலேயே பயம் என்றும் சொல்லலாம்.

அன்று சுயம்புலிங்கம் சாட்சிக் கூண்டில் ஏறினார். கிருமி, ஊசி, இயற்கை என்று அரை மணி நேரம் பேசினார். கடைசியில் ஒரு ஆதாரம் கேட்டு நான் சும்மா நிற்கிறவன் இல்லை, என் பக்கத்து ஆதாரத்தை நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேன் என்றார். வராந்தாப் பக்கம் திரும்பினார்.

"ஆவுடை, பிள்ளையக் கொஞ்சம் உள்ள தூக்கிட்டு வாம்மா."

ஆவுடைச்செல்வி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பதினைந்து மாதப் பிள்ளை. கொழுக் மொழுக்கென்று, கழுத்து மடிப்பில் பவுடர் திட்டு தெரிய, விரலைச் சூப்பிக்கொண்டு நீதிபதியைப் பார்த்தது.

"என் பேத்தி. வீட்டுல பிறந்த பிள்ளை. ஒரு ஊசி படாத உடம்பு. மேலத்தெருவுக்கே மணல்வாரி வந்துச்சு, இவ பக்கத்துல அண்டிச்சா? இதுக்கு மேல ஆதாரம் வேணுமா?"

நீதிமன்றம் முழுவதும் பிள்ளையைப் பார்த்தது. டாக்டர் மட்டும் தாயைப் பார்த்தார். ஆவுடைச்செல்வி பிள்ளையின் வலது கையை, ஊசி ஏறிய அந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தாள். அங்கே தழும்பு ஒன்றும் கிடையாது. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மூடியிருந்தாள். அவள் கண் டாக்டரின் முகத்தில் இல்லை. கைப்பையில் இருந்தது.

பால்துரை இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். குனிந்து, கெஞ்சுகிற மாதிரி டாக்டரிடம் கையை நீட்டினார். எதிரே நிற்கிற மனிதர் சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பேச்சு அது. ஒரு அட்டையை நீட்டினால் அது அந்த நிமிஷமே பொடியாகிவிடும். பையின் பித்தளைக் கொக்கி டாக்டரின் விரலுக்கடியில் இருந்தது. விரல் அதை அழுத்தவும் செய்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இதை மறுக்க வாதியிடம் ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார்.

டாக்டர் இசக்கியம்மாள் எழுந்து நின்றார்.

"காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல, ஐயா."

பால்துரை உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கேட்டது ஒரு கட்டுரை, வாதி கொடுத்தது ஆறு, கேட்டபடி கொடுக்கவில்லை. வழக்கு தள்ளுபடி. தேரடியில் வெடி போட்டார்கள். டாக்டரின் வாசலில் யாரோ பிரசுரத்தை மாவு தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த 'உம்' இப்போது சிவப்பு எழுத்தில் இருந்தது.

பேருந்து நிறுத்தம் வரை பால்துரை கூடவே வந்தார். அங்கே வந்ததும் டாக்டர் சொன்னார்.

"அப்பீல் போடுங்க, தம்பி."

"எதை வச்சும்மா?"

"ஆறு இருக்கே."

"வேற ஒண்ணும் கொடுக்க மாட்டீங்களா?"

"ஏழாவது ஒண்ணு போன மாசம் வந்திருக்கு. படிச்சுட்டுத் தாரேன்."

பால்துரைக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேருந்து வந்ததும் ஏறிக்கொண்டார்.

புதன்கிழமை வந்தது. டாக்டர் வழக்கம்போல எட்டரைக்கே வந்து ஐஸ் பெட்டியைச் சரிபார்த்து, மேஜையைத் துடைத்து, உட்கார்ந்தார். மதியம் வரைக்கும் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். எஸ்தர் டாக்டரோடு பேசுவதில்லை என்று இருந்தாள். சிரிஞ்சை நீட்டும்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நீட்டினாள். ஒரு மணிக்குக் கூடம் காலியானதும், பூட்டிறலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கொஞ்சம் இருப்போம்" என்றார் டாக்டர்.

ஒன்றேகாலுக்குப் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

ஆவுடைச்செல்வி நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை. இரண்டாவது தவணைக்கு நாளாகிவிட்டது என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, முந்தானையால் தலையை மூடி, பத்து மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி, மோட்டார் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். மன்றத்துச் செயலாளர் வீட்டு மருமகள். எஸ்தருக்கு அவளை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

உள்ளே வந்தும் அந்தப் பெண் முந்தானையை விலக்காமல் சுவரோரமே நின்றாள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

ஊசியெல்லாம் போட்டு, அழுத பிள்ளைகள் ஓய்ந்து, எஸ்தர் புது அட்டை எழுதி முடித்ததும் ஆவுடைச்செல்வி மெல்லச் சொன்னாள்.

"இவளோட அட்டையும் இங்கேயே இருக்கட்டும், டாக்டரம்மா."

முதலில் அவள் போனாள். தெரு அடங்கும் வரை காத்திருந்து மற்றவள் போனாள். எஸ்தர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய், இழுப்பறையில் மற்ற அட்டைகளுக்கு அடியில், ஆழத்தில் வைத்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் மடத்துக்குப் போனார். இரும்பு அச்சு சூடாக இருந்தது. கருவியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். நாற்பது ஐம்பது வட்டம் ஒழுங்காக விழுந்த பிறகு, புதன்கிழமை நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்களின் பேரைச் சொல்லவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல, சிஸ்டர்."

"சொல்லுங்க."

"அவ கோர்ட்டுல நின்னுக்கிட்டுதான் இருந்தா. எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னதைக் காதால கேட்டா. அவ அப்பா ஜெயிச்சதைக் கண்ணால பாத்தா. அந்த ஆறு கட்டுரையில ஒரு வரி அவ படிச்சதில்ல. எல்லாம் முடிஞ்ச பிறகு, தானும் வந்து இன்னொருத்தியையும் கூட்டிட்டு வாரா."

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார்.

"எதை நம்பி வந்தா?"

சிஸ்டர் அமலோற்பவம் அச்சைத் திறந்தார். ஆவி கலையும் வரை பொறுத்திருந்து, சூடான வட்டத்தை இரண்டு விரலால் எடுத்து ஈரத்துணியில் விரித்தார்.

"நீங்க காட்டாததை."